மரியதாஸ் இல்லாத ஃபோர்த் லைன்

1

போன வருடம் முதல் பனி விழுந்த சனிக்கிழமை, என் மகள் அபி கணினிக்கு முன்னால் இருந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இதில எது ரியல் பாண்ட்?"

முதியோர் இல்லத்தில் காலை முறை வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. டொரொண்டோவுக்கு வந்த இத்தனை வருடங்களில் அபி தானாக என்னிடம் தமிழில் கேட்ட கேள்விகள் குறைவு. அதில் இதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் தெரியாது.

அவள் கேட்டது 'ஃபோர்த் லைன்' பற்றி. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் நடுவில் றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாலு பேர் தொடங்கிய ரொக் இசைக்குழு அது. பாட்டுக்காரர் மரியதாஸ் குடியிருந்தது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான நாலாம் நம்பர் லயத்தில். அதையே இங்கிலீஷில் டிரம்மில் எழுதிப் பெயராக்கிவிட்டார்கள். கிட்டார் ஒன்றை, நாட்டுக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுப் போயிருந்தார். டிரம் அடித்தவர் ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை நிஸாம். நுவரெலியா ஏப்ரல் சீசன், துரைமார் கிளப், பொகவந்தலாவைக் கலியாண வீடு என்று அவர்கள் வாசிக்காத இடமில்லை. ஆட்கள் மாறினார்கள். நிஸாம் மட்டும் மாறவில்லை. நாற்பது வருடமாகியும் குழு இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் குழுவுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெல்பேர்னில் ஒரு பல் டாக்டர், லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையக்காரர், ஒஸ்லோவில் ஒரு சிங்கள அம்மா, எங்கள் ஸ்காபரோவில் மட்டும் முப்பது நாற்பது பேர். எல்லாரும் ஒரு காலத்தில் மலைநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அங்கே உத்தியோகம் பார்த்தவர்கள். மின்னஞ்சலில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். 'பொகவந்தலாவ பஸ்' பாட்டின் மூன்றாவது அடியில் வருவது என்ன சொல் என்று மூன்று மாதம் சண்டை பிடித்தார்கள்.

நாற்பதாவது வருடத்துக்கு இசைக்குழுவை இங்கே அழைப்பது என்று முடிவானது. கடிதங்களை எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. என் இங்கிலீஷைத் திருத்துகிற வேலை அபியிடம் போனது. அப்படித்தான், ஆள் மாறி மாறி நிற்கிற குழுப் படங்களைப் பார்த்து, அவள் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

2

என் அப்பா அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். எங்கள் வீட்டுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையில் தண்ணீர் ஓடுகிற ஒரு கான் மட்டும்தான். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. பின்னேரம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் அது காலியாகிவிடும். அங்கேதான் ஃபோர்த் லைன் வாசித்துப் பழகியது. பால்மா வாசனையும் ஈரத் துணி வாசனையும் அடிக்கிற அந்த அறையில், தொட்டில் கட்டுகிற கம்பியில் மைக்கைத் தொங்கவிட்டுப் பாடினார்கள்.

நான் உள்ளே போனதில்லை. டிஸ்பென்சர் மகள் அங்கே போவது சரியில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். எங்கள் குசினி ஜன்னலைத் திறந்துவைத்தால் எல்லாம் கேட்கும். அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

மரியதாஸ் அண்ணன் ரேடியோவில் கேட்டுத்தான் இங்கிலீஷ் பாட்டுப் பழகினார். சொல் விளங்காத இடங்களில் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுவார். அவர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டுகளிலும் அதே கதைதான். 'பொகவந்தலாவ பஸ்' பாட்டில் முதல் அடி தமிழ், அடுத்தது இங்கிலீஷ், அதற்கடுத்தது எந்தப் பாஷையும் இல்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருவன் மழையில் நடந்து போகிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் அந்த மூன்றாவது அடியைப் பாடும்போது நான் தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவேன்.

சீசன் காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டு அப்பாவிடம் வருவார். அப்பா குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஊதா மருந்தில் தோய்த்துத் தொண்டையில் தடவுவார். வெளியே போகும்போது உதடெல்லாம் ஊதாவாக இருக்கும். வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து ஒரு முறை சிரித்தார். ஒரு முறைதான்.

எழுபதுகளில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பிரித்தார்கள். உங்களுக்குத் தெரியும். மரியதாஸின் அப்பா என்றோ இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் வந்தது, நாள் குறித்த கடிதம் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. என் அப்பாவோடு நானும் வழியனுப்பப் போயிருந்தேன். பிளாட்ஃபார்மில் நிஸாம் நின்றிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. மரியதாஸ் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சி போன பிறகு நிஸாம் அப்பாவிடம், "சீசனுக்கு ரெண்டு கிழமைதான் ஐயா இருக்கு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை.

3

என் கணவர் குணம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். கணக்குப் படிப்பிக்க ஹட்டனுக்கு வந்தவர். அவர் வந்தபோது மரியதாஸ் போய் இரண்டு வருடமாகிவிட்டது. ஆகவே அவர் கேட்ட ஃபோர்த் லைன் வேறு, நான் கேட்டது வேறு. கலியாணமான நாள் தொட்டு எங்கள் வீட்டில் இந்த வழக்கு இருக்கிறது.

"நிஸாம்தான் பாண்ட்," என்பார் அவர். "முப்பது வருசம் காப்பாத்தினவன் அவன். விட்டிட்டுப் போனவனைப் பற்றி என்ன கதை?"

"விட்டிட்டுப் போகேல்ல. அனுப்பினவை."

"சரி, அனுப்பிச்சினம். போனவன் போனவன்தானே."

விழாக் குழுவின் தலைவர் சிவநேசன், ஹட்டனில் வங்கி உத்தியோகத்தராக இருந்தவர், என் பக்கம். மரியதாஸ் சண்டை பிடித்துக்கொண்டு குழுவை விட்டு ஓடினார் என்று அவர் எங்கேயோ கேட்டு, அதை முப்பது வருடமாக நம்பியிருந்தார். இந்தியா போன கதையை நான் சொன்னதும் கையிலிருந்த செலவுக் கணக்கை மடித்து வைத்தார். பிறகு, "அப்ப ஆளைக் கண்டுபிடியும் பிள்ளை. அந்தக் குரல் இல்லாமல் என்னத்துக்கு விழா?" என்றார்.

கோத்தகிரியில் என் பெரியப்பா மகன் இருக்கிறான். அவர்களும் அதே கோச்சியில் போனவர்கள். இரண்டு கிழமையில் ஒரு தொலைபேசி இலக்கம் அனுப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே பின்னேரம், கோல் எடுத்தேன்.

"மரியதாஸ் அண்ணன் நிக்கிறாரோ?"

"மரியதாஸ்தாங்க பேசுறேன். யாருங்க?"

"நான் கனடாவில இருந்து கதைக்கிறன். பெயர் புஷ்பம். றொசல்லயில உங்கட தோட்டத்து ஆள்தான்."

"எந்த ஊருன்னீங்க?"

"றொசல்ல."

றொசல்ல என்று ஒரு முறை தானே சொல்லிப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார். "இல்லீங்களே. நீங்க யாழ்ப்பாணத்து ஆளு மாதிரியில்ல பேசுறீங்க."

என் நாக்கு எப்போது இப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் என் கணவருடைய பேச்சு, கடையில், கோயிலில், வேலைக்குப் போகிற பஸ்ஸில் எல்லாம் அதே பேச்சு. நான் நடுவில் எங்கோ என்னுடையதைக் கீழே வைத்துவிட்டிருக்கிறேன். வாயை மாற்றிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "அண்ணே, நான் டிஸ்பென்சர் ஐயா மகளுங்க" என்றேன்.

"ஊதா மருந்து டிஸ்பென்சரா?"

"அவர்தாங்க."

"நல்ல மனுசன். அவருக்கு மக ஒண்ணு இருந்துச்சா?"

நான் இருந்தேன் என்று சொன்னேன்.

தேயிலை வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் இப்போது வேலை. சர்ச்சில் பாடுவாராம், அதுவும் இப்போது மூச்சு வாங்குகிறதாம். நான் மெல்பேர்ன் பல் டாக்டரைப் பற்றி, ஒஸ்லோ அம்மாவைப் பற்றி, மூன்று மாதச் சண்டையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டையெல்லாம் இன்னுமா கேக்குறாங்க?" என்றார்.

"ஆமாண்ணே."

"எதுக்குங்க?"

கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குசினி ஜன்னலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி விட்டுவிட்டேன். கடைசியில், "நீங்க ஒரு தடவ வாங்கண்ணே, நேர்ல பாத்தா வெளங்கும்" என்றேன். யோசித்துவிட்டு, போய்ட்டு வரட்டுமா என்று பேத்தியிடம் கேட்டார். அவள் போகச் சொன்னாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே சரி என்றார்.

4

விசா விண்ணப்பம் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நிஸாமுக்கும் இப்போதைய பாட்டுக்காரருக்கும் மற்ற ஆட்களுக்கும் கொழும்பில் போட்டார்கள். மரியதாஸுக்கு இந்தியாவில் போட வேண்டும். படிவத்தை அபி தரவிறக்கி வைத்துக்கொள்ள, நான் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பிறந்த இடம், றொசல்லை, இலங்கை. இப்போதைய பிரஜாவுரிமை, இந்தியா. அதற்கடுத்த கட்டத்தில் நின்றுவிட்டோம். இதற்கு முன் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டிருந்தது.

"என்னான்னு எழுதுறது?" என்றார். "பொறந்தது சிலோன். ஆனா சிலோன் பிரஜ இல்லன்னாங்க. இந்தியா பாஸ்போட் போறப்பதான் குடுத்தாங்க. அதுக்கு முன்னுக்கு ஒண்ணும் இல்லியே."

"சும்மா விடலாமோ?" என்று அபியிடம் கேட்டேன்.

"வெறுமையா விட ஏலாது அம்மா. விட்டா திருப்பி அனுப்புவாங்கள்."

மறுநாள் வேலையில் மதிய இடைவேளையில் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். பாட்டுக் கேட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்தாள். கேட்டாள், விளங்கிக்கொண்டாள், அன்பாகத்தான் சொன்னாள். அதற்கு ஒரு சொல் இருக்கிறது, அதை எழுதினால் போதும் என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஒரு காலத்தில் அதுதான் இருந்தது. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவரிடம் சொன்னேன். "நாடற்றவர்னு எழுதணுமாம்ண்ணே."

அவருக்குப் பின்னால் ஒரு ஆடு கத்துவது கேட்டது.

"நானாவே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமாண்ணே. ஒரு கட்டம்தான். யாரும் பாக்கப் போறதில்ல."

"போறப்ப ஒருத்தன் எழுதுனான். வர்றதுக்கும் அதையே எழுதணும்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியா என்று பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார். "அப்படி எழுதிட்டு வந்து மேடையில பாட்டு வேற பாடணுமா தங்கச்சி?"

கையெழுத்துக்கு அனுப்பிய படிவம் திரும்பி வரவே இல்லை. நான் இரண்டு முறை எடுத்தேன். பேத்திதான் பேசினாள், தாத்தா வெளியே போயிருக்கிறார் என்றாள்.

விழாக் குழுவிடம் அவருக்கு விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சிவநேசன் மேசையில் கையை வைத்தபடி, "இவங்கள் இப்படித்தான்" என்று விசா அலுவலகத்தைத் திட்டினார். நான் தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்லைச் சொல்லியிருக்கலாமா, தெரியாது என்று எழுதலாம் என்று சொல்லியிருக்கலாமா, அபியைவிட்டே எழுதச் சொல்லிவிட்டு அவரிடம் மறைத்திருக்கலாமா என்று அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன். கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் யோசித்தேன். ஒரு பாட்டி, கரண்டி வாய்க்கு வரவில்லை என்று என் கையைத் தட்டினாள்.

5

நிஸாம் சித்திரை மாதம் வந்து இறங்கினார். இப்போதைய பாட்டுக்காரரும் கூட வந்திருந்தார். ரேணுகா என்ற பெண், லிந்துலைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் டீச்சர், முப்பது வயதிருக்கும். நிஸாம் கடிதத்தில் முதலெழுத்தையும் தகப்பன் பெயரையும் மட்டும் எழுதியிருந்ததால் யாரும் பெண் என்று நினைக்கவில்லை. விசா இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. மற்ற வாத்தியங்களை இங்கேயிருக்கிற ரசிகர்களே வாசிப்பது என்று ஏற்பாடு. சிவநேசன் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் பழகியிருந்தார்.

பாடசாலை மண்டபம் ஒன்றில் விழா. பின்னால் ரோல்ஸும் தேத்தண்ணியும். நரைத்த தலைகள், ஊன்றுகோல்கள். ஒருவர் பழைய பெல்பொட்டம் களிசானைப் போட்டுக்கொண்டு இடுப்பு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நிஸாம் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ரேணுகா மைக்குக்கு முன்னால் வந்ததும் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

"மரியதாஸ் எங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நிஸாம் குச்சியைத் தட்டித் தொடங்கிவிட்டார்.

அவள் நன்றாகப் பாடினாள். மூன்று பாட்டு முடியும் மட்டும் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாலாவதாக 'பொகவந்தலாவ பஸ்'. அதில் ஒரு பிரச்சினை வந்தது. அவள் டீச்சர் அல்லவா, அந்த மூன்றாவது அடியை ஒழுங்கான இங்கிலீஷாகத் திருத்தியிருந்தாள். இலக்கணம் சரி, அர்த்தமும் வந்தது. ஆனால் ஜனங்கள் பழைய சத்தத்தையே பாடினார்கள். இடது பக்கம் ஒரு விதம், வலது பக்கம் ஒரு விதம், என் கணவர் மட்டும் மூன்றாவது ஒரு விதம். ஒருவரை ஒருவர் அடக்கப் பார்த்துச் சத்தம் கூடிக்கொண்டே போனது. ரேணுகா பாடுவதை நிறுத்தி, காதைக் கொடுத்து, இரண்டு சுற்றுக் கேட்டாள். பிறகு தன்னுடையதை விட்டுவிட்டு அவர்களுடைய அர்த்தமில்லாத சத்தத்தையே பிடித்துக்கொண்டு பாடினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கேள்வி கேட்ட மனிதர் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்.

நானும் பாடினேன். எந்தப் பக்கத்துச் சொல்லைப் பாடினேன் என்று நினைவில்லை. பக்கத்தில் அபி என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் ரியல் பாண்டா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"தெரியல" என்றேன். யாழ்ப்பாணப் பேச்சு வரவில்லை.

6

அடுத்த நாள் காலை நிஸாமும் ரேணுகாவும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்திருந்தேன். என் கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"அவன் ஏன் தங்கச்சி வரல்ல?" என்று நிஸாம் கேட்டார். "விசா இல்லைன்னு சொன்னாங்க. போட்டானா, போடல்லயா?"

அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நான் சொன்ன சொல்லையும் சொன்னேன். ரேணுகா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

நிஸாம் விரலில் ஒட்டியிருந்த சம்பலைத் துடைத்தார். "ஒங்கட பிழை இல்ல. அந்தச் சொல்ல நாங்க யாரும் உண்டாக்கல்ல" என்றார். பிறகு, "ரெண்டு காயிதம் போட்டேன், அந்தக் காலத்துல. பதில் இல்ல. பிறகு கலவரம், கட போய்த் திரும்பக் கட்டினது, அது இதுன்னு காலம் போயிட்டு. நம்பர் இரிக்கா?" என்றார்.

தொலைபேசிக் கார்டைச் சுரண்டி எடுத்து இலக்கத்தை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன். அன்றைக்கு அவரே எடுத்தார்.

"மச்சான், நிஸாம் பேசுறேன்."

"கட எப்படிப் போவுது?" என்றார் மரியதாஸ்.

முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான். கடை மகன் கையில் இருக்கிறது. முழங்கால் வலி இரண்டு பேருக்கும். அங்கே கொழுந்துக்கு என்ன கொடுக்கிறான், ஹட்டனில் மழை எப்படி. பத்து நிமிடம் இப்படியே போனது. பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் ரேணுகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசியில் மரியதாஸ்தான் கேட்டார். "நேத்து யாரு பாடுனா?"

"ஒரு டீச்சர். லிந்துலப் புள்ள."

"பொம்பளப் புள்ளயா?" சிரித்தார். "நல்லா பாடுதா?"

நிஸாம் ரேணுகாவைப் பார்த்தார். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன விட நல்லா பாடுது மச்சான்."

நான் திடுக்கிட்டேன். அது உண்மையா, அவருக்கு ஆறுதலுக்குச் சொன்னதா, பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்காகச் சொன்னதா, எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப சரி," என்றார் மரியதாஸ். "நான் வரலன்னு யாரும் கொறப்பட்டிருக்க மாட்டாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொலைபேசிப் பக்கம் குனிந்து, "இல்லண்ணே, எல்லாரும் கேட்டாங்க. பாட்டு தொடங்க முன்னுக்கே கேட்டாங்க" என்றேன்.

"யாரு, டிஸ்பென்சர் மகளா?"

"ஆமாண்ணே."

"நீங்க என்னான்னு சொன்னீங்க?"

நிஸாம் என்னைப் பார்த்தார். கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் என்று நடுவில் ஒரு குரல் இங்கிலீஷில் சொன்னது. அது முடியும் மட்டும் காத்திருந்தேன்.

"விசா கெடைக்கலன்னு சொன்னேன்."

"நல்லது," என்றார். "அதையே சொல்லுங்க தங்கச்சி."

ஸ்காபரோவில் இன்றுவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிவநேசனுக்குத் தெரியாது, என் கணவருக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மட்டும் ஏன் மாற்றி எழுதுகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.